ஒரு ரிங் போதும்

ஏப்ரல் 3, வியாழன்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதி வைக்கிற அளவுக்கு எனக்கு எதுவும் நடப்பதில்லை. எங்கள் வீட்டில் தாள் என்றால் பரீட்சைக்கு, பேனா என்றால் கையெழுத்துக்கு. சும்மா எழுதுவது, விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போவது மாதிரி.

ஆனால் இந்தத் தாள்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் வீணானவை. கம்பெனியில் தப்பாக அச்சாகிவிட்ட கையேடுகள். குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். முன்பக்கம் தண்ணீர் மோட்டாரின் வெட்டுப்படம், பின்பக்கம் நான். பேனா, போன திங்கட்கிழமை எங்களை அனுப்பும்போது ஆளுக்கொன்று கொடுத்தது. மைப்பேனா. எழுதாமல் வைத்தால் நிப்பில் மை காய்ந்துவிடும். அதற்காகத்தான் எழுதுகிறேன். வேறொன்றுமில்லை.

போன திங்களோடு என் பயிற்சிக்காலம் முடிந்தது. பதினான்கு பேரில் மூன்று பேரை நிரந்தரமாக்கினார்கள். நான் அந்த மூன்றில் இல்லை. கையில் இருப்பதைப் பார்த்துச் செலவழித்தால் ஜூன் கடைசி வரை இந்தக் கோயம்புத்தூர் அறையில் தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் வேறு வேலை கிடைத்துவிட வேண்டும். அதுவரை அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

அம்மா ஆவுடைத்தாய், சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். பத்தொன்பது வருடமாக அதே அடுப்பு. "கனி, நீ பெர்மனென்ட் ஆயிட்டேன்னு சொல்லு, மே மாசத்தோட நான் கரண்டியக் கீழ வச்சிருதேன்" என்று தைப்பொங்கலுக்குப் போனபோது சொன்னாள். சர்க்கரை வியாதி. புகையில் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் கரண்டி கீழே வராது.

ஏப்ரல் 4, வெள்ளி

மிச்சம் பிடிப்பது எனக்குப் புதிதல்ல. இத்தனை நாள் பழக்கமாகச் செய்தேன், இப்போது கவனமாகச் செய்கிறேன், அவ்வளவுதான்.

அரிசியை அரைமணி ஊறவைத்து, நன்றாகக் கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைத்துவிடுகிறேன். முக்கால் மணியில் பூப்போல வெந்திருக்கிறது. சின்ன சிலிண்டர்தான், மாற்றிய தேதியைச் சாக்பீஸால் அதன்மேல் எழுதியிருக்கிறேன். அரிசி கழுவிய தண்ணீர் குழம்புக்கு. துணி அலசிய தண்ணீர் தரை துடைக்க. தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஓட்டைக் காலுறைக்குள் போட்டு முடிந்தால் இன்னும் பத்து நாள் நுரை வருகிறது. பற்பசைக் குழாயை நடுவில் வெட்டினால் உள்ளே ஒரு வாரம் ஒளிந்திருக்கும்.

பீர்க்கங்காய் வாங்கினேன். காய் இன்றைக்குக் கூட்டு, தோல் நாளைக்குத் துவையல்.

போர்வைக்குள் சோறு வேகிறபோது அறைக்குள் யாரோ காய்ச்சலில் படுத்திருப்பது போல் இருக்கிறது. சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை ஆறரைக்கு அம்மாவின் ரிங் வந்தது.

இதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். நான் ப்ளஸ் ஒன் படிக்க விடுதிக்குப் போனபோது ஆரம்பித்தது. அப்போது பேசினால் நொடிக்கு நொடி காசு. அதனால் ஓர் ஒப்பந்தம். ஒரு ரிங் என்றால் நல்லா இருக்கேன். இரண்டு ரிங் என்றால் பேசணும், நீ கூப்பிடு. மூன்று ரிங் என்றால் உடனே வா. யாரும் எடுக்கக் கூடாது; எடுத்தால் காசு போச்சு. அம்மா காலையில் ஒரு ரிங் விட்டு வைப்பாள், நான் திரும்ப ஒரு ரிங் விட்டு வைப்பேன். மூன்று ரிங்கை இதுவரை இரண்டு பேரும் பயன்படுத்தியதில்லை.

இப்போதெல்லாம் ஒரு தடவை பணம் கட்டினால் மாதம் முழுக்க எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான். அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும்ட்டீ. நாளைக்கு அவன் மாத்திட்டாம்னா? பழக்கத்த விடக் கூடாது" என்றாள். அதனால் ரிங் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசிக்கொள்வோம். பத்து நிமிடம்.

இன்றைக்குக் கூப்பிட்டு, "ஞாயிறும் ஓவர்டைம் போட்டிருக்காங்க, ஒரு ரெண்டு மாசத்துக்குப் பேச முடியாது" என்றேன். நான் பொய் சொன்னால் என் குரல் மேலே ஏறிவிடும். அதனால் சீக்கிரம் வைத்துவிட்டேன்.

முன்பெல்லாம் கம்பெனி பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் பதில் ரிங் கொடுப்பேன். ஆறே முக்கால், சில நாள் ஏழு ஆகிவிடும். இப்போது உடனுக்குடன் கொடுத்துவிட முடிகிறது. அதில் ஒரு திருப்தி.

ஏப்ரல் 9, புதன்

இது வரிசையாக ஆறு அறைகள் உள்ள லைன் வீடு. பக்கத்து அறை மைனாவதி அக்கா. அவர் வீட்டுக்காரர் இரும்பு வார்க்கிற ஆலையில் வேலை பார்க்கிறார். அக்கா பேசிக்கொண்டே இருப்பார். எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

"ஏங் கண்ணு, ஒரு வாரமா கம்பெனி பஸ் உன்னய உட்டுப்போட்டுப் போகுது?"

"ஷிப்ட் மாத்திட்டாங்கக்கா."

"குக்கர் சத்தமே கேக்கறதில்ல. சோறு கீறு ஆக்கறியா இல்லியா?"

போர்வையைக் காட்டினேன். அக்கா உள்ளே வந்து குனிந்து, மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"அட, இது நல்லா இருக்குதே. என்ற வூட்டுக்காரரையும் இப்படிச் சுத்தி வெச்சா, வாய் கொஞ்சம் அடங்குமாட்ட."

சிரித்தேன். சிரித்தபோது தொண்டை கரகரத்தது. காலையிலிருந்து அதைப் பயன்படுத்தியிருக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று நான் பேசியவை: "ஒரு கூறு போதும்." "பை இருக்கு."

உழவர் சந்தையில் கடை கட்டுகிற நேரம் போனால் கத்தரிக்காயைக் கூறு கட்டிக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு சொத்தை. மற்றவை நல்லவை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஆறரைக்கு அம்மாவின் ரிங். கொடுத்தேன்.

மைனாவதி அக்கா கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்தார். குடித்துக் கழுவிய பிறகுதான் சங்கடம். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஒன்றுமில்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போடுவார்கள். என்னிடம் சர்க்கரை கொஞ்சம்தான். போன மாதம் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல்களை உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு வெயிலில் வைத்திருந்தேன். அதில் நாலு கரண்டி வைத்துக் கொடுத்தேன். தோல் ஊறுகாய் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

மாலையில் வெளியே நின்று கேட்டார்: "அந்த ஊறுகாய் எந்தக் கடையிலீங்க வாங்குனீங்க, ஆபீசரம்மா?"

என்னை அவர் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, இன்னும் வேண்டுமாம்.

ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பினேன். இதோடு ஒன்பது.

ஏப்ரல் 17, வியாழன்

மதியம் இரண்டே கால். அம்மாவின் எண். இரண்டு ரிங்.

காலையில் வழக்கம்போல் ஒரு ரிங் வந்தது. இது தனி. எங்கேயாவது கை பட்டிருக்கும். அல்லது அவளுக்கு ஒன்றாகக் கேட்டது எனக்கு இரண்டாக வந்திருக்கும். டவர் சரியில்லாதபோது அப்படி ஆவதுண்டு. மேலும் மதியம் இரண்டே காலுக்கு நான் கூப்பிட்டால், ஆபீஸ் நேரத்தில் எப்படிக் கூப்பிடுகிறாய் என்று கேட்பாள். பின்னால் மிஷின் சத்தம் ஏன் இல்லை என்று கேட்பாள்.

கூப்பிடவில்லை. நாளைக் காலை பார்க்கலாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

ரிங் வந்துவிட்டது. ஒன்றுதான். நேற்றையது கை பட்டதுதான்.

ஆனால் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டது. தண்ணீர் வருகிற நாளாக இருக்கும். குடம் வைக்க எழுந்திருப்பாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றும் ஐந்து ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வராது.

ஓவர்டைம் என்று நான் சொன்னதை அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு நான் கூப்பிட இரண்டு நிமிடம் தாமதமானால்கூட முன்பு இரண்டு ரிங் வந்துவிடும். இப்போது வருவதில்லை. நல்லதுதான். எனக்குத்தான் வசதி.

தர்பூசணிக் கடைக்காரர் வெட்டிப் போட்ட தோலைக் கேட்டேன். "மாட்டுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியைச் சீவிப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் சுரைக்காய்க்குக் குறைவில்லை. இரண்டு வேளைக்கு வந்தது. ஒரு வேளைக்குச் சமைக்க எனக்கு இன்னும் வரவில்லை. அளவு எப்போதும் இரண்டு பேருக்கே வருகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மின்விசிறி ஓடாவிட்டால் அறையில் உட்கார முடியாது. ஓடினால் கரண்ட். ஒரு யோசனை செய்தேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காற்றும் வரும்.

சிங்காநல்லூரில் ஏறி உக்கடம் வரை போனேன். அங்கே இறங்கி, அடுத்த பஸ்ஸில் காந்திபுரம். திரும்ப சிங்காநல்லூர். வெயில் தாழ்ந்ததும் இன்னொரு முறை. மொத்தம் நாலு மணி நேரம் மின்விசிறி மிச்சம்.

கூட்டமாக இருந்தது. ஓர் அம்மா தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். கழுத்தில் மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசனை. அவர் இறங்க வேண்டிய இடம் எதுவென்று எனக்குத் தெரியாது. எழுப்பலாமா என்று யோசித்துக்கொண்டே என் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். நடத்துநர்தான் தட்டி எழுப்பினார். "அம்மாவ எழுப்ப மாட்டியாம்மா?" என்றார் என்னிடம். என் அம்மா என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை.

நாளைக்கும் போகலாம். காற்றுக்காகத்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

குப்பை எடுக்க வருகிற அக்கா இரண்டு வாரமாக என் கதவைத் தட்டவில்லை. இன்று வாசலில் நான் நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீ இங்கதான் இருக்கியா? பூட்டிக் கெடக்குதுன்னு நெனச்சு வுட்டுட்டேன்."

"குப்பை ஒண்ணும் சேரலக்கா. தோலையெல்லாம் சமைச்சிடுவேன். பால் கவரைக் கழுவி எடைக்குப் போட வெச்சிருக்கேன்."

மைனாவதி அக்கா அவர் வீட்டு வாளியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ள குப்பக்கூடை பட்டினியில அழுவுது. அதுக்காச்சும் எதுனா போடு கண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். உள்ளே வந்து குப்பைக்கூடையைப் பார்த்தேன். சுத்தமாக, காலியாக இருந்தது. இதைத்தான் நான் விரும்பினேன். ஆனாலும் அந்த அக்கா சொன்னது போகவில்லை: பூட்டிக் கிடக்கிறது என்று நினைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஐந்து ஐம்பதுக்கு ரிங். உடனே கொடுத்தேன்.

ஏப்ரல் 26, சனி

ஐந்து ஐம்பது. கொடுத்தேன். அதற்குப் பிறகு நாள் முழுவதும் எழுதுவதற்கு எதுவும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன்.

ரிங் வருவதற்கு முன்பே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில நாட்களாக அப்படித்தான். ஒலித்ததும் பெருவிரல் தானாகப் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டது. பத்து வருடத்தில் ஒரு முறைகூட இப்படிச் செய்ததில்லை.

நாலு நொடி இருக்கும். அம்மா பேசவில்லை. எடுத்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியவே இல்லை போல. பின்னால் பல பெண்களின் இருமல். சக்கரம் வைத்த எதையோ தரையில் உருட்டுகிற சத்தம். யாரோ உரக்க, "பன்னெண்டாம் பெட்டுக்கு யாரு கூட இருக்கா? பால் வாங்கியாச்சா?" என்றார்கள்.

அம்மாவின் குரல், வாயிலிருந்து தள்ளி: "யாருமில்லம்மா. நானே வாங்கிக்கிடுதேன்."

பிறகு வைத்துவிட்டாள்.

அது பஸ் நிலையமாக இருக்கலாம் என்று எழுத நினைத்தேன். எழுதவும் ஆரம்பித்தேன். பஸ் நிலையத்தில் பன்னிரண்டாம் பெட் கிடையாது.

அதே நாள், பகல்

அம்மாவைக் கூப்பிட்டால் ஒன்றுமில்லை என்பாள். அதனால் ஊரில் பக்கத்து வீட்டுப் பேச்சியத்தையைக் கூப்பிட்டேன்.

"ஏளா கனி, நீயா? நானே கூப்பிடணும்னுதான் இருந்தேன். உங்கம்ம என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா."

"அம்மாவுக்கு என்ன அத்தை?"

"கஞ்சி கொட்டிட்டு. போன வாரத்துக்கு முந்தின வியாழக்கெழம. பள்ளிக்கூடத்துல சோறு வடிச்ச கஞ்சி, கொதிக்கக் கொதிக்க. எங்க ஆட்டுக்குன்னு தெனமும் வாளியில கொண்டாருவால்லா? ஆறட்டும்னு இருந்திருக்கலாம். கீழ ஊத்திரலாம். உங்கம்மைக்கு ஒரு சொட்டுக் கீழ ஊத்த மனசு வருமா? வாளிப் பிடி கழண்டு வலது காலு பூராவும். சுகர் வேற, புண்ணு ஆற மாட்டேங்கு. தாலுகா ஆஸ்பத்திரியில இருக்கா."

"யாரு அத்தை கூட இருக்கா?"

"பகல்ல நான் போவேன். ஆட்டப் பாக்கணும்லா, ராத்திரிக்கு அங்கன உள்ள பொம்பளையளே பாத்துக்கிடுதாவ."

வியாழக்கிழமை. பதினேழாம் தேதி. மதியம் இரண்டே கால்.

அது கை பட்டது இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

காலை ரிங் வரும் நேரத்தில் மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ரிங். நல்லா இருக்கேன். நானும் ஒரு ரிங் கொடுத்தேன். நல்லா இருக்கேன். இத்தனை நாள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இதையே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

கிளம்புவதற்கு முன், இருட்டோடு, மைனாவதி அக்காவிடம் சாவி கொடுக்கப் போனேன். ஊருக்குப் போவதாகச் சொன்னதும் முகத்தைப் பார்த்தார்.

"வேலையும் போயிருச்சு, இல்ல?"

சாவியை அவர் கையில் வைத்தேன்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல அரைச் செங்கல் சுவரு கண்ணு. ஷிப்டுக்குப் போற புள்ளைக்கும் போவாத புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? நீயாச் சொல்லோணும்னு இருந்தேன்." பையில் ஒரு பொட்டலம் வைத்தார். தக்காளிச் சோறு. "டப்பாவ வெறுங்கையோட குடுக்காத. ஊறுகாயோட வரோணும்."

ஏப்ரல் 28, மாலை, ஆஸ்பத்திரி

பெண்கள் வார்டு. பன்னிரண்டாம் கட்டில் சன்னலுக்கு அருகில். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த ரொட்டி சுற்றிய தாளை நீவி நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது.

என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு?"

நான் அவள் காலைப் பார்த்தேன். முழங்காலிலிருந்து விரல் வரை துணிக்கட்டு. கட்டின் ஓரத்தில் தெரிந்த தோல் என் அம்மாவின் நிறத்தில் இல்லை.

"பேச்சி சொன்னாளாக்கும். சத்தியம் பண்ணுனவ வாயி."

"அவுகளாச் சொல்லல. நான் போன எடுத்துட்டேன், நேத்து. தப்பா."

"எடுத்தியா? காசு போயிருக்குமே."

பக்கத்துக் கட்டில் பாட்டி சிரித்துவிட்டார். "இதுக்குத்தான் நீ தெனமும் காலையில ஊசி போட வாறதுக்கு முந்தி போனத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இருப்பியா ஆவுடை? நான் என்னமோ மகளோட பேசுதன்னு நெனச்சேன்."

"பேசுனோம்லா" என்றாள் அம்மா. "ஒரு ரிங் போதும் எங்களுக்கு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "அன்னைக்கு ரெண்டு ரிங் குடுத்தியேம்மா."

"குடுத்தேன். வலி தாங்கல. பெறவு நீ கூப்பிடலன்ன உடனே, நல்லவேளைன்னு இருந்துச்சு. நீ பயந்து ஓடி வந்துருவ. உனக்கு இருக்கிற கஷ்டத்துல இது வேறயா?"

"எனக்கு என்ன கஷ்டம்?"

அம்மா ரொட்டித் தாளை இன்னொரு முறை நீவினாள்.

"முந்தியெல்லாம் நான் ரிங் குடுத்தா, நீ பத்து நிமிசம் இருபது நிமிசம் கழிச்சுக் குடுப்ப. பஸ்ஸுக்கு ஓடிட்டு இருப்பா, இடம் பிடிச்சு உக்காந்திருப்பான்னு நெனச்சுக்கிடுவேன். சித்திரைக்கு முந்தியிருந்தே, நான் போனக் கீழ வைக்குமுன்ன வருது. வேலைக்கிப் போற பிள்ளைக்கு ஏதுட்டீ அவ்வளவு நேரம்? போனக் கையிலயே வச்சுக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்கான்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தின்னியா?" என்றாள். தக்காளிச் சோற்றைத் திறந்தோம். இரண்டு பேருக்குச் சரியாக இருந்தது.

மே 1, வியாழன்

மூன்று நாளாக அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கிறேன். ஐந்தே முக்காலுக்குச் செவிலியர் எல்லோரையும் எழுப்புகிறார். அதுதான் அந்த ஐந்து ஐம்பது.

காலையில் அம்மாவின் தலையைச் சீவினேன். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி எடுத்து வைத்துக்கொண்டாள். முடி வாங்குகிறவருக்குக் கொடுத்துப் பாத்திரம் வாங்கலாமாம். பக்கத்துக் கட்டில் பாட்டி, "கட்டுப்போட்ட துணியையும் வச்சுக்கோ, கரித்துணிக்கு ஆவும்" என்றார். "ரத்தம் போவாதே" என்றாள் அம்மா, யோசித்துப் பார்த்துவிட்டுத்தான்.

கரண்டியைப் பற்றி அவளே எடுத்தாள். "இன்னும் ஒரு வருசம் பாக்கேன். கால் ஆறிரும்." நான் வேண்டாம் என்றேன். "நீ பெர்மனென்ட் ஆவு, பெறவு சொல்லு" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மே 3, சனி

விண்ணப்பித்த பன்னிரண்டில் ஒன்றிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு. ஏழாம் தேதி, கோயம்புத்தூரில். துணி ஆலையின் பரிசோதனைக்கூடம். கிடைக்கும் என்று எழுத மாட்டேன்.

புண் உலர ஆரம்பித்திருக்கிறது. இன்னும் பத்து நாளில் அனுப்பிவிடுவார்களாம். பேச்சியத்தை இரவுக்கும் வந்து படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். "ஆட்ட என்ன செய்வீக?" என்று கேட்டேன். "அதுக்காகத்தானட்டீ உங்கம்ம கால வேக வச்சுக்கிட்டா. நாலு நா அது ஒத்தையில கெடக்கட்டும்" என்றார்.

அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று நாளாக வாய் வரை வருகிறது. ஊசி, பால், டாக்டர் என்று ஏதாவது குறுக்கே வந்துவிடுகிறது. குறுக்கே வராவிட்டாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

மே 5, திங்கள்

மதியம் பஸ். அம்மா தூங்குகிறாள். இந்தத் தாளை மட்டும் தனியாகக் கிழித்து, அவள் சேர்த்து வைத்திருக்கிற ரொட்டித் தாள்களின் மேலே வைத்துவிட்டுப் போகிறேன். அவள் தாளைத் தூக்கிப் போடமாட்டாள்.

அம்மா,

நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதனால் பெரிதாக எழுதுகிறேன். தாள் வீணாகிறது, மன்னித்துக்கொள். பின்பக்கம் மோட்டார் படம் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நான் எல்லாவற்றையும் மிச்சம் பிடிப்பேன். கேஸ், தண்ணீர், தோல், சோப்பு, எல்லாம். நீ கற்றுக்கொடுத்தது எதையும் விடவில்லை. வேலை கிடைத்தாலும் விட மாட்டேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் மிச்சம் பிடிக்க முடியவில்லை. அங்கே நான் இருக்கிற அறை பூட்டிக் கிடப்பதாகக் குப்பை எடுக்க வருகிறவர்கள்கூட நினைக்கிறார்கள்.

ஒரு ரிங் எனக்குப் போதவில்லை அம்மா.

நாளைக் காலை நீ கூப்பிடும்போது நான் எடுப்பேன். பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேச வேண்டாம். பால் வாங்கிவிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். நான் எடுத்த பிறகு நீ வைத்துவிடாதே.